போராட்டத்தில் முகத்தை மூடத் தடை: ஹாங்காங்கில் அந்தச் சட்டம் தெருவில் எப்படி இருந்தது?

மதுரை_குட்டிவக்கீல்:

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் சட்டம் படிக்கிறேன், நான்காம் ஆண்டு. அடுத்த மாதம் கல்லூரிக்குள் மாதிரி நீதிமன்றப் போட்டி. ஆர்ப்பாட்டம், ஊர்வலம் எதிலும் யாரும் முகத்தை மறைக்கக் கூடாது என்று ஒரு கற்பனை மாநிலம் அவசரச் சட்டம் போட்டுவிடுகிறது. அது செல்லுமா என்பதுதான் வழக்கு. சீட்டுக் குலுக்கியதில் எனக்கு அரசுத் தரப்பு விழுந்திருக்கிறது.

2019 போராட்டங்களின்போது ஹாங்காங் அரசு போட்ட முகமூடித் தடை பற்றிய வழக்கை அடிப்படையாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று தீர்ப்புகளையும் படித்துவிட்டேன். ஒன்றுதான் உறுத்துகிறது. பெட்ரோல் குண்டு எறிகிறவனுக்கு அங்கே கலவரக் குற்றத்தில் ஏற்கெனவே 10 ஆண்டு வரை சிறை உண்டு. முகமூடிக்கு மேற்கொண்டு ஓர் ஆண்டு என்றால் அவன் கழற்றிவிடுவானா? கழற்ற மாட்டான் என்றால் இந்தச் சட்டம் யாருக்கு? நடுவர் முதலில் இதைத்தான் கேட்பார் என்று சீனியர் பயமுறுத்துகிறார்.

அந்த நாட்களில் ஹாங்காங்கில் இருந்த நம்மவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வேறு நாட்டு அனுபவமானாலும் சரி.

ரைன்_கரை:

ஹாங்காங் எனக்குத் தெரியாது. ஜெர்மனியில் இந்தத் தடை 1985 முதல் இருக்கிறது. கூட்டங்கள் பற்றிய சட்டத்தில் 17அ பிரிவைப் பாருங்கள். அடையாளம் தெரியாதபடி முகத்தை மறைத்துக்கொண்டு ஊர்வலத்துக்கு வந்தால் ஓர் ஆண்டு வரை சிறை அல்லது அபராதம். அடி விழாமல் காக்கும் கவசங்களுக்கும் அதே பிரிவில் தடை உண்டு.

ஆனால் சட்டம் இருக்கிறது என்பதற்காக முகம் மூடிய ஒவ்வொருவரையும் பிடித்து இழுப்பதில்லை. கறுப்பு உடைக் கூட்டம் அமைதியாக நடந்துகொண்டிருந்தால் போலீஸ் கேமராவில் பதிவு செய்துகொண்டு ஓரமாகவே வருவதும் உண்டு. உள்ளே புகுந்தால்தான் ரகளை ஆரம்பிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். 2020இல் இன்னொரு கூத்து: கொரோனா விதிகளை எதிர்த்து பெர்லினில் கூடியவர்களை, மாஸ்க் போடவில்லை, இடைவெளி விடவில்லை என்று சொல்லிக் கலைத்தார்கள். சட்டப் புத்தகத்தில் 17அ அப்படியேதான் இருந்தது.

கல்_வியாபாரி:

தம்பி, எனக்கு ஊர் காயல்பட்டினம். ஹாங்காங்கில் சிம் ஷா சுய் பகுதியில் ரத்தினக் கல் வியாபாரம். நாதன் ரோட்டில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் ஆபீஸ். அரசியலில் எனக்கு எந்தப் பக்கமும் கிடையாது. கடை திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என் கட்சி. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

2019 அக்டோபர் 4, வெள்ளிக்கிழமை. செய்தி முன்கூட்டியே கசிந்துவிட்டதால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வணிக மையமான சென்ட்ரலில் ஆபீஸ் ஆட்கள் ஆயிரக்கணக்கில் மாஸ்க்கோடு தெருவில் இறங்கிவிட்டார்கள். பிற்பகலில் அப்போதைய ஹாங்காங் அரசுத் தலைவர் கேரி லாம் அமைச்சர்களைப் பின்னால் நிறுத்திக்கொண்டு அறிவித்தார். நள்ளிரவு தாண்டியதும் அமல். சட்டமன்றத்தில் ஒரு வார்த்தை விவாதம் கிடையாது. கையில் எடுத்தது 1922இல் கப்பல் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை அடக்க ஆங்கிலேயர் கொண்டுவந்த அவசரச் சட்டம். கலவரத்தை அடக்க அதைக் கடைசியாகப் பயன்படுத்தியது 1967இல்.

அன்று இரவே யுன் லாங்கில் 14 வயதுப் பையன் ஒருவன் காலில் குண்டு பட்டு விழுந்தான். ரயில் நிலையங்கள் நொறுக்கப்பட்டன. மறுநாள் எம்.டி.ஆர். ரயில் முழுவதும் நின்றது. ஹாங்காங்கில் ரயில் இல்லை என்றால் என்ன என்பது இங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். சனிக்கிழமை நண்பகல், நாதன் ரோட்டில் பாதிக் கடைகளில் ஷட்டர். அதற்கு நடுவில் காஸ்வே பே பக்கம் மாஸ்க் போட்டுக்கொண்டே ஊர்வலம். ஆக, உங்கள் கேள்விக்கு முதல் பதில்: கழற்றவில்லை. நவம்பரில் பல்கலைக்கழகங்களில் போலீஸோடு நடந்த மோதல்களெல்லாம் சட்டம் வந்த பிறகு நடந்ததுதான்.

இனி, யார் கழற்றினார்கள் என்று பார்ப்போம். எங்கள் ஆபீஸில் கணக்கு பார்க்கும் பெண் ஒருவர், உள்ளூர்ச் சீனர், நாற்பதைத் தாண்டியவர். ஜூன் மாதத்திலிருந்து ஞாயிறு ஊர்வலங்களுக்குப் போய்வந்தார். கல் எறிகிற ஆள் இல்லை. சாதாரண நீல மாஸ்க், தொப்பி, ஒரு குடை. ரயிலில் ஆக்டோபஸ் கார்டைத் தட்டாமல் சில்லறை போட்டு ஒற்றை டிக்கெட் எடுத்துக்கொண்டு போவார், போய்வந்த தடம் கார்டில் இருக்கக் கூடாதாம். இவர் யாருக்குப் பயந்து முகத்தை மூடினார் என்று நினைக்கிறீர்கள்? போலீஸுக்கு என்று நான் நினைத்திருந்தேன். அவர் சொன்ன வரிசையில் போலீஸ் மூன்றாவது. முதலில் கணவரின் மேலதிகாரி, ஏனென்றால் கணவருக்கு அரசு வேலை. இரண்டாவது இணையம். அந்த ஆண்டு இரண்டு பக்கத்து ஆட்களும் எதிராளியின் படம், பெயர், பிள்ளையின் பள்ளிக்கூடம் வரை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். போலீஸ்காரர்களின் குடும்பங்களையும் விடவில்லை, அதற்கு நீதிமன்றமே தனியாகத் தடை போட வேண்டியிருந்தது. ஆகஸ்டில் கேத்தே பசிபிக் விமான நிறுவன ஊழியர்கள் சிலருக்குப் போராட்டம் தொடர்பாக வேலை போனதும் எல்லோருக்கும் தெரியும்.

ஹாங்காங்கில் போலீஸ் அடையாள அட்டை கேட்டால் காட்டியாக வேண்டும், அது பழைய சட்டம். அதனால் எதிரில் வந்து நிற்கிற போலீஸிடம் மாஸ்க் எந்தக் காலத்திலும் காப்பாற்றாது. தூரத்துக் கேமராவிடமும் பக்கத்தில் போனை நீட்டுகிறவனிடமும்தான் காப்பாற்றும்.

சட்டம் வந்த அடுத்த வாரம், தும்மல் அலர்ஜிக்கு எப்போதோ டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டைத் தேடியெடுத்து நான்காக மடித்துப் போன் உறைக்குள் வைத்துக்கொண்டார். ஏற்கெனவே உள்ள உடல்நலக் காரணம் என்றால் விலக்கு உண்டு, மதக் காரணம், தொழில் காரணம் என்றாலும் உண்டு. ஆனால் நியாயமான காரணம் இருந்தது என்பதைப் பிடிபட்ட பிறகு நீங்கள்தான் கிளப்ப வேண்டும். பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டுகிற அந்த இரண்டு நிமிடத்தை யாராவது படம் எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்து, கடைசியில் போவதையே விட்டுவிட்டார். ஓர் ஆண்டு சிறை, 25,000 ஹாங்காங் டாலர் அபராதம் என்பது பெட்ரோல் குண்டுக்காரனுக்கு ஒன்றுமில்லை. அவருக்குப் பெரிய விஷயம்.

ஆனால் நீங்கள் அரசுத் தரப்பு அல்லவா, உங்களுக்கு வேண்டியதையும் சொல்கிறேன். ஒருநாள் மாலை ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மேசையில் கல் பொட்டலங்கள் பிரித்தபடி கிடக்கின்றன, வாங்க வந்த ஆள் கீழே இறங்க மாட்டேன் என்கிறார். கீழே ஏழெட்டுப் பேர், கறுப்புச் சட்டை, சுவாச முகமூடி, ஒரு வங்கியின் கண்ணாடியையும் பணம் எடுக்கும் மெஷினையும் கம்பியால் தட்டி நொறுக்கினார்கள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பிறகு ஓடவில்லை. நடந்தார்கள். நடந்துபோய், முனையில் நின்றிருந்த கூட்டத்துக்குள் நுழைந்தார்கள். அந்தக் கூட்டம் முழுவதும் அதே கறுப்பு, அதே மாஸ்க். என் கண் முன்னால் நுழைந்தவர்களையே அடுத்த நொடியில் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஹாங்காங்கின் கடைசி நீதிமன்றமான மேல் தீர்ப்பாயத்தின் நீதிபதிகள் 2020 டிசம்பர் 21இல் சொன்னதன் சாரம் இதுதான்: அமைதியாக நிற்கிறவர்களும் முகம் மூடியிருப்பதால்தான் வன்முறைக்காரன் அவர்களுக்குள் கரைகிறான், துணிச்சலும் பெறுகிறான், அனுமதி பெற்ற ஊர்வலமும் நொடியில் கலவரமாகிறது, அதனால் முன்கூட்டியே, எல்லோருக்கும் தடை. உங்கள் கேள்விக்கு நல்ல பதில் இது. குண்டு எறிகிறவனைக் கழற்ற வைப்பது நோக்கம் அல்ல, அவனைச் சுற்றி நிற்பவர்களைக் கழற்ற வைப்பதுதான் நோக்கம் என்று சொல்லுங்கள்.

முகமூடித் தடைச் சட்டத்தின் 5ஆம் பிரிவைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். கடைக்கு ஆள் வந்திருக்கிறது, அப்புறம் வருகிறேன்.

வடமராட்சியான்:

தம்பி, எங்கட ஆக்களுக்கு முகமூடி எண்டால் ஆர்ப்பாட்டக்காரன் நினைவுக்கு வாறதில்லை. தலையாட்டிதான் வருவான். எண்பது, தொண்ணூறுகளில் இலங்கையில் ஆமியின் சுற்றிவளைப்பு நடந்தால் ஊர்ச் சனம் முழுவதையும் பள்ளிக்கூட மைதானத்தில் இருத்திவிட்டு ஒவ்வொருவராக நடக்க விடுவார்கள். வாகனத்துக்குள்ளே சாக்கால் தலை மூடிய ஒருவன் இருப்பான், சாக்கில் கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவன் தலை அசைந்தால் உன்னைத் தனியே எடுப்பார்கள். அசையாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அவன் உன் வகுப்பில் படித்தவனா, பக்கத்து வீட்டுக்காரனா எண்டு கடைசிவரை தெரியாது. அங்கே முகத்தை மூடிக் கொண்டுவந்தது அரசாங்கம்.

2019 ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகு இலங்கையிலும் அவசரகால விதியின் கீழ்தான் முகம் மூடத் தடை வந்தது. ஏப்ரல் 29 முதல் அமல். அது ஆர்ப்பாட்டத்துக்காக இல்லை. எல்லாப் பொது இடத்துக்கும், நடைமுறையில் முஸ்லிம் பெண்களுக்கு. ஓகஸ்டில் அவசரகாலம் முடிந்ததோடு அதுவும் முடிந்தது. உங்கட கற்பனை மாநிலத்தின் சட்டத்துக்கு முடிவு தேதி இருக்கிறதா எண்டு பாருங்கோ. இல்லாவிட்டால் அடி அங்கேதான் விழும்.

நேர்_பேச்சு:

எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்கிறீர்கள். மா ஓன் ஷானில் 2019 நவம்பர் 11 அன்று வாக்குவாதம் செய்த ஒரு மனிதர் மேல் எரிபொருளை ஊற்றித் தீ வைத்தார்கள். வைத்தவன் முகம் தெரிந்ததா? கோரிக்கை நியாயம் என்றால் முகத்தைக் காட்டிக் கேட்க வேண்டியதுதானே? அமெரிக்காவில் பல மாநிலங்கள் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததே கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டம் வெள்ளைத் துணிக்குள் ஒளிந்துகொண்டு கறுப்பின மக்களைக் கொன்றதால்தான். அந்தச் சட்டங்களும் தப்பா? முகத்தைக் காட்ட தைரியம் இல்லாதவன் தெருவுக்கு வரக் கூடாது. என் கருத்து.

கல்_வியாபாரி:

நேர்_பேச்சு என்ற பெயரில் எழுதியிருக்கிறீர்கள், சரி. எனக்கும் சொந்தப் பெயர் போடத் தோன்றவில்லை.

க்ளான் விஷயம் சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் நியூயார்க் சட்டத்தையும் எடுத்துப் பாருங்கள். 1845இல் வந்தது, க்ளானுக்கு முன்னால். குத்தகை விவசாயிகள் நிலப்பிரபுக்களுக்கு எதிராகச் செவ்விந்தியர் வேடம் கட்டிக்கொண்டு கலகம் செய்ததற்காகப் போட்டது. அதே சட்டத்தை வைத்துத்தான் பின்னாளில் க்ளானையும் தடுத்தார்கள், 2011இல் வால் ஸ்ட்ரீட்டில் போராட உட்கார்ந்தவர்களையும் பிடித்தார்கள். 2020இல் கொரோனா வந்ததும் நீக்கிவிட்டார்கள். பூட்டு ஒன்றுதான், சாவி யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து யார் வீடு என்பது மாறும்.

மா ஓன் ஷான் சம்பவம் கொடூரம். அதில் இரண்டு கருத்து கிடையாது. ஆனால் தேதியைப் பாருங்கள், நவம்பர் 11. தடை அமலுக்கு வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

தம்பி, விட்ட இடத்திலிருந்து 5ஆம் பிரிவு. ஊர்வலத்தில் மாஸ்க் போடாதே என்பது 3ஆம் பிரிவு. எந்தப் பொது இடத்திலும் முகம் மூடிய யாரையும் போலீஸ் நிறுத்திக் கழற்றச் சொல்லலாம் என்பது 5ஆம் பிரிவு. மறுத்தால் ஆறு மாதம் வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம். ஊர்வலம் எதுவும் பக்கத்தில் நடக்க வேண்டிய அவசியமே இல்லை. 2003இல் சார்ஸ் நோயில் 299 பேரைப் பறிகொடுத்த ஊர் இது. சளி பிடித்தால் மாஸ்க் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவதுதான் இங்கே மரியாதை. அந்த ஊரில் இப்படி ஒரு அதிகாரம். அக்டோபர் 31 ஹாலோவீன் இரவில் லான் க்வாய் ஃபோங்கில் வேடம் போட்டு வந்தவர்களைக்கூட நிறுத்திக் கழற்றச் சொன்னார்கள். முகத்தில் பூசும் சாயமும் சட்டத்தின்படி முகமூடிதான், வாசகத்தைப் பாருங்கள்.

வடமராட்சியான் சொன்னதோடு சேர்த்து ஒன்று. அந்த மாதங்களில் கலவரத் தடுப்புப் போலீஸாரும் முகம் மூடித்தான் நின்றார்கள், பலரிடம் சட்டை எண்ணும் இல்லை. அடி வாங்கியவன் யார்மேல் புகார் கொடுப்பான்? அது தனி வழக்காகப் போய், எண் காட்டாமல் நின்றது உரிமைச் சட்டத்துக்கு முரண் என்று 2020 நவம்பரில் தீர்ப்பு வந்தது. உங்கள் எதிர்த்தரப்பு அதைக் கட்டாயம் எடுக்கும், பதில் தயார் செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. 2020 ஜூலையிலிருந்து பொது இடத்தில் மாஸ்க் போடாவிட்டால் அபராதம் என்று அதே அரசு விதி போட்டது. முகமூடித் தடை செல்லும் என்று மேல் தீர்ப்பாயம் சொன்ன அன்று, வெளியே தெருவில் முகம் மூடாமல் நடந்தால் குற்றம். கட்டாய மாஸ்க் 2023 மார்ச் 1இல் போனது. அதே மாதம் 26ஆம் தேதி செங் குவான் ஓ பகுதியில் கடலைத் தூர்ப்பதை எதிர்த்து ஒரு சின்ன ஊர்வலம். பல ஆண்டுகளுக்குப் பிறகு போலீஸ் விட்ட முதல் ஊர்வலங்களில் ஒன்று. உச்சவரம்பு 100 பேர். ஒவ்வொருவர் கழுத்திலும் எண் போட்ட அட்டை. சுற்றிலும் நாடா பிடித்தபடி அது கூடவே நகர்கிறது. மாஸ்க் கூடாது, 2019 சட்டம் இருக்கிறதே. கழற்றிவிட்டுத்தான் வந்தார்கள். கோரிக்கை குப்பை நிலையம், தூசி, கான்கிரீட் ஆலை பற்றியது.

அதனால் என்னைக் கேட்டால், எந்த நாட்களுக்காக அந்தச் சட்டத்தைப் போட்டார்களோ அந்த நாட்களில் அது ஒன்றும் செய்யவில்லை. வேலை செய்தது 2023இல், தெருவில் ஒரு கண்ணாடிகூட உடையாத காலத்தில். நடுவரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள், தோற்றுவிடுவீர்கள்.

உயர்நீதிமன்ற_வராந்தா:

மாணவருக்கு. உணர்ச்சியை விட்டுவிட்டு நீதிமன்ற ஏணியைப் பாருங்கள். 2019 நவம்பர் 18இல் முதல் நீதிமன்றம், சட்டவிரோதக் கூட்டத்தில் மட்டும் தடை அளவோடு இருக்கிறது என்றது. ஆனால் அவசரச் சட்டத்தையே அரசியல் சாசனத்துக்கு முரண் என்று சொல்லிவிட்டதால் மொத்தமும் விழுந்தது. 2020 ஏப்ரல் 9இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவசரச் சட்டத்தைக் காப்பாற்றி, அனுமதியில்லாத கூட்டத்திலும் தடை செல்லும் என்றது. அனுமதியுள்ள கூட்டத்தில் செல்லாது, 5ஆம் பிரிவும் செல்லாது. டிசம்பரில் மேல் தீர்ப்பாயம் அனுமதியுள்ள கூட்டத்தையும் சேர்த்தது. படிப்படியாக எங்கே கோடு நகர்ந்தது என்று காட்டினாலே பாதி மதிப்பெண்.

நம் பக்கம் அரசியல் சாசனத்தின் 19(1)(ஆ) ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை, 19(3) நியாயமான கட்டுப்பாடு. அந்தரங்க உரிமை பற்றிய 2017 புட்டசாமி தீர்ப்பின் அளவுச் சோதனையை விடாமல் பிடியுங்கள். நோக்கத்துக்கும் வழிக்கும் தொடர்பு இருக்கிறதா, இதைவிடக் குறைவாகப் பாதிக்கும் வழி உண்டா என்ற இரண்டு இடத்தில்தான் உங்களைக் குடைவார்கள். உங்கள் கற்பனைச் சட்டத்தில் 5ஆம் பிரிவு மாதிரி ஏதாவது இருந்தால் எழுந்து நின்றதுமே அதை விட்டுக்கொடுத்துவிடுங்கள். நனைந்த மூட்டையைச் சுமந்துகொண்டு வாதாட முடியாது. வடமராட்சியான் சொன்ன முடிவு தேதியும் முக்கியம். தேதி இல்லையென்றால், 'சூழ்நிலை மாறியதும் அரசு திரும்பப் பெறும்' என்ற பதிலை எந்த நீதிபதியும் நம்ப மாட்டார்.

மதுரை_குட்டிவக்கீல்:

எல்லோருக்கும் நன்றி. சட்ட வாசகத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். 5ஆம் பிரிவு மாதிரி ஒன்று ஏழாவது பத்தியில் ஒளிந்திருக்கிறது, முடிவு தேதி இல்லை. முதலாவதை விட்டுக்கொடுக்கிறேன். இரண்டாவதற்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சட்டமன்றம் மறுஆய்வு செய்யும் என்று வாசித்துக்கொள்ளலாமா என்று பார்க்கிறேன்.

கல்_வியாபாரி காக்கா, ஜன்னலிலிருந்து பார்த்ததாகச் சொன்னதைப் பெயர் சொல்லாமல் ஓர் உதாரணமாக வைத்துக்கொள்கிறேன், ஆட்சேபனை இல்லையே? உங்கள் ஆபீஸ் அம்மாவையும் 2023 ஊர்வலத்தின் கழுத்து அட்டையையும் எதிர்த்தரப்பு கண்டுபிடிக்காமல் இருக்க வேண்டும். எதிர்த்தரப்பில் வாதாடும் பெண்ணும் எங்கள் வகுப்புதான். இந்தக் குழுவில் இருக்கிறாளா தெரியவில்லை.

தல்லாகுளம்_எதிர்வாதி:

இருக்கிறேன்.